இரண்டு கிராபிக்ஸ் கார்டும் ஒரு சந்தனப் பொட்டும்

செப்டம்பர் 22, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. துவைத்த துணி மூன்றாவது நாளாகக் கொடியில். வீடு முழுக்க ஈர வாடை.

மோகனின் மழைக்கோட்டு முதுகுப் பக்கம் கிழிந்துவிட்டது. பைக்கில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற ஆளுக்கு அது இல்லாமல் முடியாது. கதவுக்குப் பின்னால் தொங்கும் என்னுடையதைக் கேட்டார்.

"ஒரு வருஷமா சும்மாதானே தொங்குது."

"எனக்கு வேணும்னா?" என்றேன். கொடுக்கவில்லை. சொன்ன பிறகு என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் பிளாஸ்டிக் பையை முதுகில் கட்டிக்கொண்டு போனார்.

பேச்சு இதுதான்: அந்தப் பக்கம் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலையை விட்டுவிட்டு, மாமாவோடு கல்யாண மேடைத் தொழிலில் இறங்கினேன். மாமா (மோகனின் அப்பா) மேடை போடுவார். நான் அதே மேடையை முன்னாடியே கம்ப்யூட்டரில் கட்டி, வீடியோவாக வாடிக்கையாளருக்குக் காட்டுவேன். தீபாவளிக்குள் இது நிலைக்க வேண்டும். நிலைக்காவிட்டால் மறுபடியும் மழைக்கோட்டு, பைக், பாலம். நானே ஒப்புக்கொண்டதுதான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

இப்போது கையில் இருப்பது ஒரே ஒரு பெரிய வேலை. தங்காக் ஊரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். மகள் ஷர்மினிக்குத் தையில் கல்யாணம். ஜேபி நகரத்துக் கம்பெனி ஒன்றும் அவர்களுக்கு வீடியோ காட்டியிருக்கிறது. அக்டோபர் 4, சனிக்கிழமை காலையில் நம் வீட்டுக்கு வந்து நம்முடையதைப் பார்க்கிறார்கள். பார்த்து முடிவு.

மதியம் மேடையை ரெண்டர் போட்டேன். அதாவது, ஒவ்வொரு பூவிலும் வெளிச்சம் எங்கே விழும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, படம் படமாக வரைந்து தருவது. பாதிப் படத்தில் நின்றது. 'மெமரி போதவில்லை.' மறுபடியும் போட்டேன். மறுபடியும் அதே பதில். என் கிராபிக்ஸ் கார்டுக்கு வயதாகிவிட்டது. பாவம், அது விளையாடுவதற்காகச் செய்யப்பட்ட கார்டு.

புது கார்டு வேண்டும்.

இரவுக்கு ரசம், நெத்திலி.


செப்டம்பர் 23, செவ்வாய்

மழை விட்டது. துணி காய்ந்தது. சந்தோஷம்.

விலை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இரண்டு கார்டுகள். ஒன்று, போன தலைமுறையின் பெரிய கார்டு, பழையது, கை மாறியது. இன்னொன்று, இந்தத் தலைமுறையின் நடுத்தர கார்டு, பெட்டி பிரிக்காதது. மாடல் எண்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்து குழப்புகின்றன. நான் பெரியவர், சின்னவர் என்று பெயர் வைத்துவிட்டேன். இனி பெ., சி.

கோர்: பெ. பத்தாயிரத்து ஐந்நூறுக்குக் கொஞ்சம் கம்மி. சி. ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி.
வேகம்: பெ. 1.7 கிகாஹெர்ட்ஸ். சி. ஏறத்தாழ 2.5.
மெமரி: பெ. 24 ஜிபி. சி. 12.
மெமரிப் பாதை: பெ. 384 பிட், நொடிக்கு 936 ஜிபி. சி. 192 பிட், 504 ஜிபி.
மின்சாரம்: பெ. 350 வாட். சி. 200.
நீளம்: பெ. 31 செ.மீ. சி. 24.

கோரை வேகத்தால் பெருக்கி, இரண்டால் பெருக்க வேண்டும். இரண்டு எதற்கு என்றால், ஒரே தட்டில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் செய்கிறதாம். பெ. 35 டெராஃப்ளாப்ஸ் சொச்சம். சி. 29. ஒரு டெரா என்றால் லட்சம் கோடி. நொடிக்கு முப்பத்தைந்து லட்சம் கோடி கணக்கு. எதற்கு? ஷர்மினியின் தலைக்குப் பின்னால் தொங்கும் மல்லிகைச் சரத்தில் நிழல் சரியாக விழ. பெருமையாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது.

மாமா எட்டிப் பார்த்தார். வெற்றிலை வாய்.

"கோர்னா என்னம்மா?"

"பூ கட்டுற ஆளு மாதிரி மாமா. வேகம்னா அவங்க கை வேகம்."

"இவருகிட்ட பத்தாயிரம் பேரா? எல்லாருக்கும் டீ யாரு போடுறது?"

"அதான் மாமா இந்த முந்நூத்தி அம்பது வாட்."

"அலமாக்," என்று வியந்தார். போய்விட்டார். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, "அப்போ மெமரி?" என்றார்.

"பூவைக் கொட்டி வைக்கிற மேசை."

"மேசை பெருசா இருக்கிற ஆளையே எடு. நான் எத்தனை தடவ தரையில உக்காந்து பொறுக்கியிருக்கேன்."

மாமாவின் ஓட்டு பெ.வுக்கு. காரணம், அவருடைய முழங்கால்.


செப்டம்பர் 25, வியாழன்

வெயில் கொளுத்துகிறது. நேற்று எழுதவில்லை, மேடைத் துணி தைத்ததில் முதுகுவலி.

நான் தரப் பரிசோதனையில் இருந்தவள். பெட்டி மேல் எழுதியிருப்பதை நம்பியதில்லை. தாளில் பாஸான எத்தனை பாகங்களை மேசையில் வைத்துத் தட்டியதும் தூக்கிப் போட்டிருக்கிறேன். டெராஃப்ளாப்ஸ் என்பதும் பெட்டி மேல் எழுதியிருப்பதுதான். எல்லாக் கோரும் ஒரு நொடி கூடச் சும்மா இராமல், தும்மாமல், வேலை பார்த்தால் வரும் எண். அப்படி வேலை பார்க்கிறவர்களை நான் தொழிற்சாலையில் கண்டதில்லை.

ஆகையால் காலை முழுக்க மற்றவர்கள் ஓட்டிப் பார்த்த சோதனைகளைத் தேடிப் படித்தேன். நான் போடுவது மாதிரியான ரெண்டரில் இரண்டும் ஏறக்குறைய சமம். தாளில் பெ. ஐந்தில் ஒரு பங்கு முன்னால் நிற்கிறார். களத்தில் சி. எட்டிப் பிடித்துவிடுகிறார். சி.க்குள் வெளிச்சக் கணக்குக்கென்றே தனியாக இருக்கும் பகுதி புதிது, கெட்டி. பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் சின்ன மெமரியும் அவருக்குத்தான் அதிகம், அதனால் குறுகிய பாதை அவ்வளவு உறுத்தவில்லை.

இதைப் படித்ததும் கோபம் வந்தது. இரண்டு நாள் பெருக்கியது வீணா?

மோகன் ஏழு மணிக்கு வந்தார். பாலத்தில் நெரிசல். சாப்பிடும்போது சொன்னேன்.

"சின்னதே எடு, சுகு. புதுசு. வாரண்ட்டி இருக்கு. சூடு கம்மி. பழசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"என் லைன்ல ஒருத்தன் சொன்னான்," என்று ஆரம்பித்தார். அவர் லைனில் எல்லாவற்றுக்கும் ஒருத்தன் இருக்கிறான்.

மாமா உள்ளேயிருந்து: "ரெண்டு மாப்பிள்ளை பாக்கிற மாதிரி இருக்குடா இது. ஒருத்தன் படிச்சவன், ஒருத்தன் வீடு பெருசு."

"வீடு பெருசா இருந்தா கரண்ட் பில்லும் பெருசுப்பா."

எனக்கும் சி. பக்கம்தான் மனம் சாய்கிறது. சின்னதாக, அடக்கமாக இருக்கிறது.

கறிவேப்பிலை வாங்க மறந்தேன்.


செப்டம்பர் 26, வெள்ளி

சாய்ந்த மனம் நிமிர்ந்துவிட்டது.

கார்டைத் தொடாமல், ப்ராசசரிலேயே ஒரே ஒரு படம் மட்டும் ரெண்டர் போட்டேன். என் மேடை எவ்வளவு மெமரி தின்கிறது என்று பார்ப்பதற்காக. காலையில் போட்டது மதியம்தான் வந்தது. அதற்குள் துணி துவைத்து, சமைத்து, பசாருக்கும் போய்க் காய்கறி வாங்கி வந்துவிட்டேன். தின்றது 15 ஜிபிக்கு மேல்.

ஏன் இவ்வளவு? மல்லிகை. முதலில் ஒரே பூவைச் செய்து ஆயிரக்கணக்கில் நகல் போட்டிருந்தேன். அது மெமரியை அதிகம் தின்னாது. போன மாதம் மாமா பார்த்துவிட்டு, "எல்லாப் பூவும் ஒரே பக்கம் பாக்குதே. பிளாஸ்டிக்கா?" என்றார். தங்காக் வீட்டில் முதல் நாளே சொல்லியிருக்கிறார்கள்: நிஜப்பூ மட்டும்தான், பிளாஸ்டிக் என்றால் பேச்சே வேண்டாம். ஆகையால் மொட்டு, பாதி மலர்ந்தது, வாடியது, காம்பு வளைந்தது என்று தனித்தனியாகச் செய்தேன். அது போதாதென்று, மேடையின் பின்துணிக்கு அவர்கள் கடைப் பட்டுச்சேலைகளையே விரித்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஜரிகை இழை எண்ணலாம், அவ்வளவு பெரிய படங்கள். எல்லாமும் மேசை மேல் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும்.

சி.யின் மேசை 12. கொள்ளாது. கொள்ளாததைக் கம்ப்யூட்டர் மெமரியில் வைத்து எடுத்து எடுத்து வந்தால் ஆமை வேகம், இல்லாவிட்டால் அப்படியே நின்றுவிடும்.

பெ. மேசை 24.

இதில் டெராஃப்ளாப்ஸுக்கு வேலையே இல்லை. பூவைக் குறைத்தால் சி. போதும். குறைக்க மாட்டேன். ஜேபி கம்பெனி வீடியோவை ஷர்மினி எனக்கே அனுப்பிக் காட்டினாள். அதில் எல்லாப் பூவும் ஒரே பக்கம்தான் பார்க்கிறது. அவர்களைவிட என்னிடம் கூடுதலாக இருப்பது, வேறு வேறு பக்கம் பார்க்கும் இந்தப் பூ ஒன்றுதான்.

மோகனிடம் சொன்னேன். "சரி, பெரியவரையே கூட்டிட்டு வா. ஆனா ஓட்டிப் பாக்காம காசு குடுக்காத." நான் தரப் பரிசோதனையில் இருந்ததை மறந்துவிட்டார் போலும்.


செப்டம்பர் 27, சனி

ஸ்கூடாய் ஊருக்குப் போனேன். நசீரின் கடை. பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிறவர். அவர் வாப்பா அதே இடத்தில் மசாலைத்தூள் வியாபாரம் செய்தவராம். ஒரு மூலையில் இன்னும் சோம்பு வாசனை.

பெ.வைக் கையில் வாங்கியதும் சிரிப்பு வந்துவிட்டது. செங்கல் கனம். மூன்று விசிறி.

"கிரிப்டோ காயின் எடுக்க ராப்பகலா ஓட்டினதா தம்பி?"

"இல்லக்கா. வீடியோ எடிட் பண்ற ஆளு வெச்சிருந்தது. விசிறியைச் சுத்திப் பாருங்க, சத்தம் இல்ல. நான் பொய் சொன்னா சோதிச்சதும் தெரிஞ்சிரும்லா."

என் மேடையை பென் டிரைவில் கொண்டு போயிருந்தேன். அவர் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டினோம். ஒரு படம். டீ வந்தது. டீ ஆறுவதற்குள் படமும் வந்துவிட்டது. திரையில் மல்லிகைச் சரம், ஒவ்வொரு பூவும் ஒவ்வொரு பக்கம். நசீர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது போட்டோவா, நீங்க செஞ்சதா?"

அந்த ஒரு கேள்விக்காகவே வாங்கியிருப்பேன். இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டி, சூடு பார்த்து, பிறகுதான் வாங்கினேன். 350 வாட்டுக்கு என் பழைய பவர் சப்ளை தாங்காது என்று பெரியதாக ஒன்றும் சேர்த்துக் கொடுத்தார்.

வரும் வழியில் ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டேன். பக்கத்து மேசையில் யாரோ: "சம்பந்தி ஒரு வார்த்த பேசலடா. குழம்பு மட்டும் ரெண்டு தடவ கேட்டாரு."


செப்டம்பர் 28, ஞாயிறு

நொந்துகொள்வதா, சிரிப்பதா?

நீளம் 31 செ.மீ. என்று என் கையால் எழுதினேன். 23-ஆம் தேதிப் பக்கத்தில் இருக்கிறது. என் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் எவ்வளவு இடம் என்று அளக்கவில்லை. 28. நொடிக்கு எத்தனை லட்சம் கோடி என்று பெருக்கத் தெரிந்தவளுக்கு மூன்று செ.மீ. தெரியவில்லை.

மோகன் அளவு நாடாவை என்னிடம் நீட்டினார். சிரித்துக்கொண்டே நீட்டியதுதான் எரிச்சல்.

மாமா வந்து பார்த்தார். பெட்டிக்குள் ஹார்டிஸ்க் மாட்டும் தகரக் கூடு ஒன்று வழியை மறிக்கிறது.

"இது எதுக்கு?"

"இப்ப எதுக்கும் இல்ல மாமா."

"தகரம்தானே," என்றார். மற்றதையெல்லாம் கழற்றி எடுக்கச் சொல்லி, வெற்றுப் பெட்டியை வாசலுக்குத் தூக்கிப் போய், மேடைக் கம்பி அறுக்கும் கட்டரை வைத்து அறுத்துத் தள்ளினார். ஓரத்தை அரத்தால் ராவி, கை கிழிக்காமல் டேப் ஒட்டினார். பெ. உள்ளே போய் உட்கார்ந்தார். பெட்டி இப்போது மாமா போட்ட மேடை மாதிரியே இருக்கிறது: முன்னால் அழகு, பின்னால் டேப்.

மாலையில் முழு ரெண்டர் ஆரம்பித்தேன். அறை சுடுகிறது. பத்தாயிரம் பேரும் வேலை பார்க்கிறார்கள்.


செப்டம்பர் 30, செவ்வாய்

தூறல்.

நேற்று மாலையே ரெண்டர் முடிந்துவிட்டது. கண் கலங்கியது, எழுதுவதற்கென்ன. ஷர்மினிக்கு ஒரு துண்டு அனுப்பினேன். இன்று காலையில் போன் வந்தது.

"அக்கா, செம்மயா இருக்குக்கா. ஆனா மெரூன் வேணாம். அம்மா இப்ப மயில்பச்சைன்னு சொல்றாங்க. சாரிக்கா. புதுச் சேலை போட்டோ அனுப்புறேன்."

பின்துணி முழுக்க மாற்ற வேண்டும். துணியின் நிறம் மாறினால் பூ மேல் விழும் வெளிச்சமும் மாறும். முழுவதும் புதிதாக ரெண்டர். திட்டக்கூட முடியவில்லை, நல்ல பெண்.

நாளை ஆயுத பூஜை. நாளை எந்த மெஷினும் ஓடக்கூடாது. இந்த வீட்டில் மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கிற மாமா இதில் மட்டும் விடமாட்டார். இன்று விளக்கு வைப்பதற்குள் லாரி, டிரில், கட்டர், தையல் மெஷின் எல்லாம் துடைத்து, எண்ணெய் போட்டு, வரிசையில். விஜயதசமி காலையில்தான் மறுபடி கை வைப்பது.

கணக்கு: வியாழன் காலை ஆரம்பித்தால் வெள்ளி காலை முடியும். சனி காலை அவர்கள் வருகிறார்கள். இடம் இருக்கிறது. சி.யாக இருந்தால் இந்தக் கணக்கே போட்டிருக்க முடியாது.

மாலை நாலு மணிக்குப் பச்சைக்கு மாற்றி முடித்தேன். கம்ப்யூட்டரை அணைத்து, தூசி துடைக்கப் பெ.வைக் கழற்றினேன்.

"அதை உள்ள வெக்காதம்மா," என்றார் மாமா. "இந்த வருஷம் அதான் புது ஆயுதம். வெளிய வை, சாமி பாக்கட்டும்."

தட்டில் வாழையிலை விரித்து, டிரில்லுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் வைத்தேன். கம்பீரமாகத்தான் இருக்கிறது.

இந்த நோட்டும் பேனாவும் சாமி முன்னால் போகவேண்டும். இத்துடன் இன்று நிறுத்துகிறேன்.


அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

பளிச்சென்று வெயில். நேற்று எழுதக்கூடாத நாள் என்பதால் இரண்டு நாளையும் சேர்த்து இன்று.

நேற்றுக் காலை. நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். மாமா குளித்து, வேட்டி கட்டி, வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வருகிறார். டிரில்லுக்கு ஒன்று. கட்டருக்கு ஒன்று. லாரிக்குப் பெரியதாக மூன்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். நான் சுண்டல் சட்டியோடு வெளியே வந்து பார்த்தால், பெ.வின் அடிப்பக்கம், பெட்டிக்குள் சொருகும் அந்தத் தங்கநிறப் பல் வரிசை இருக்கிறதே, அந்தப் பல் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சந்தனம். நடுநடுவே குங்குமம். ஒரு பல் விடாமல்.

"மாமா."

"எப்படிம்மா இருக்கு?"

வேறு எங்கே வைத்திருந்தாலும் பரவாயில்லை. அத்தனை பெரிய கார்டில், மூன்று விசிறி, முழம் நீளத் தகடு, எங்கு வைத்திருந்தாலும் துடைத்துவிட்டுப் போகலாம். கார்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வது அந்தப் பல் வழியாக மட்டும்தான்.

"அங்க ஏன் மாமா வெச்சீங்க?"

"தங்கம் மாதிரி இருந்திச்சு. அதான் அதோட நெத்தின்னு நெனச்சேன்."

உடனே துடைக்கப் போனேன். கையைப் பிடிக்காத குறை. பூஜைக்கு வைத்ததை நாளைக் காலைதான் எடுக்கணும் என்றார். மோகனைப் பார்த்தேன். மோகன் கூரையைப் பார்த்தார். கற்பூரம் காட்டினோம். எல்லோரும் சாமியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் சந்தனம் காய்வதைப் பார்த்துக் கும்பிட்டேன். நாள் முழுக்கப் போகவர அதையே பார்த்தேன். மஞ்சள் வெளுத்து, ஓரம் வெடித்து, ஓடாகிவிட்டது. தாளில் 35 டெராஃப்ளாப்ஸ். சந்தனத்தோடு எவ்வளவு என்று யாரும் சோதனை போட்டதில்லை.

கோபம்தான். ஆனால் மாமா முகத்தில் அத்தனை சந்தோஷம். என்னுடைய சாமானை அவர் டிரில்லுக்குப் பக்கத்தில் நடு இடத்தில் வைத்தது இதுவே முதல் தடவை. போன வருஷம் என் கம்ப்யூட்டருக்குப் போகிற போக்கில் ஒரு பொட்டு, அவ்வளவுதான்.

இன்று காலை. பூஜை எடுத்ததும் பெ.வைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஈரப் பஞ்சு, உலர் பஞ்சு. சந்தனம் போனது. பல் பளபளத்தது. மாட்டினேன். பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பு.

கழற்றினேன். பல் இடுக்கில் மெல்லிசாகச் சிவப்பு. பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்தேன், மோகன் இணையத்தில் பார்த்துப் பார்த்துச் சொன்னார் (நேற்றும் இன்றும் பூஜைக்காக லீவு போட்டிருக்கிறார்). மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடைத்தேன். மாட்டினேன். கறுப்பு.

மாமாவுக்கு அப்போதுதான் புரிந்தது. வாசல் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். வெற்றிலைகூடப் போடவில்லை.

"நசீர்கிட்ட கேட்டு அந்தச் சின்னதையாவது இன்னிக்கே வாங்கிரலாமா?" என்றார் மோகன்.

"அதுல பூ கொள்ளாது."

"கொஞ்சம் பூவைக் குறைச்சுக்க சுகு."

சட்டென்று அழுகை வந்தது. பூவைக் குறைத்தால் ஜேபி கம்பெனி வீடியோதான் என் வீடியோவும். அப்புறம் நான் எதற்கு? கதவுக்குப் பின்னால் மழைக்கோட்டு தொங்குகிறது. அதைப் பார்க்காமல் எழுந்து தண்ணீர் குடித்தேன். பிறகு தொழிற்சாலையில் செய்வது போலவே செய்தேன்: பாகம் சரி என்றால், பாகம் உட்காரும் இடத்தைப் பார்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். பெட்டிக்குள், கார்டைச் சொருகும் பள்ளத்தில், அடி ஆழத்தில் குங்குமம். முதல் தடவை அவசரத்தில் நான் மாட்டியபோது பல் இடுக்கில் இருந்த தூள் உள்ளே உதிர்ந்திருக்கிறது. மாமா வைத்தது பாதி, நான் அனுப்பியது பாதி. பஞ்சு உள்ளே போகாது. ஊசி விட பயம். வாயால் ஊதினால் எச்சில்.

"காத்து வேணும், நல்லா வேகமா," என்றேன்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். நேராக ஸ்டோருக்குப் போனார். பலூன் தோரணத்துக்குக் காற்றடிக்கும் மின்சார பம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் நெற்றியிலும் பொட்டு. மூக்கில் ஒரு ஸ்ட்ராவைச் சொருகி டேப் சுற்றினார். பெட்டியைச் சாய்த்துப் பிடித்தோம். மோகன் சுவிட்ச்.

புஸ் என்று ஒரு சிவப்புப் புகை. மூன்று பேர் முகத்திலும் குங்குமம்.

இன்னும் இரண்டு தடவை அடித்தோம். மாட்டினேன். பட்டன். திரையில் வெளிச்சம்.

மாமா கை கூப்பினார். எதைப் பார்த்துக் கூப்பினார் என்று தெரியவில்லை, பம்ப்பையா, பெ.வையா.

அப்போது மணி மூன்று. ரெண்டர் ஆரம்பித்தேன். வெள்ளி மாலை முடியும். முடிய வேண்டும்.


அக்டோபர் 3, வெள்ளி

மதியம் இடி. மின்னல் வெட்டும்போதெல்லாம் நானும் மாமாவும் மின்விளக்கைப் பார்த்தோம். கரண்ட் போகவில்லை.

பெ. ஓடுகிறார். அறை அடுப்பு மாதிரி. மாமா மண்டபத்துக்கு எடுத்துப் போகும் பெரிய நிற்கும் விசிறியைக் கொண்டு வந்து பெ.வின் முன் வைத்துவிட்டு, தனக்கு ஓர் அட்டையால் விசிறிக்கொள்கிறார்.

அவர் போனில் யாரிடமோ பேசியது காதில் விழுந்தது: "ஆமாப்பா. முப்பத்தஞ்சு டெரா. என்னன்னு கேக்காத, அது ரொம்பப் பெருசு. பூசை போட்டதுக்கு அப்புறம்தான் இன்னும் நல்லா ஓடுது."

சிரிப்பை அடக்கச் சட்டினி அரைக்கப் போனேன்.

தாளின் கணக்கைவிட நேரம் கொஞ்சம் அதிகம்தான் ஆகிறது. சூட்டில் வேகம் குறைகிறது. 1.7 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியவன் எங்கள் ஊர் பெக்கான் நானாஸில் மதியம் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டான்.

மாலை ஏழு. முடிந்தது. மயில்பச்சை. அவர்கள் சொன்னதுதான் சரி, மெரூனைவிட இதுதான் அழகு. ஒப்புக்கொள்கிறேன்.


அக்டோபர் 4, சனி

வெயில். வீடு பெருக்கி, உளுந்து வடை, நெஸ்காப்பி.

பத்து மணிக்கு வந்தார்கள். ஷர்மினி, அவள் அம்மா. அம்மா அதிகம் பேசாதவர். துணிக்கடைக்காரர் கண், நாற்காலி உறையைக்கூட விரலால் உரசிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

வீடியோ போட்டேன். வாசலிலிருந்து உள்ளே போகிறது, தோரணம், படி, மேடை. கடைசியில் மல்லிகைச் சரங்களுக்குப் பக்கத்தில் மெதுவாகப் போகிறது. ஷர்மினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்தது.

"இன்னொரு தடவ போடுங்க."

போட்டேன். பூவருகே வந்ததும் நிறுத்தச் சொன்னார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார்.

"இது எந்தக் கல்யாணத்துல எடுத்தது?"

"எடுத்தது இல்ல ஆண்ட்டி. கம்ப்யூட்டர்ல செஞ்சது."

"எங்க சேலை தெரியுது. ஆனா பூ?"

"பூவும் செஞ்சதுதான்."

"வாடின பூவெல்லாம் இருக்கே."

"நெஜப்பூன்னா நாலு வாடியிருக்கும்ல தங்கச்சி," என்றார் மாமா.

அம்மா சிரித்தார். வந்ததிலிருந்து முதல் தடவை. கைப்பையைத் திறந்து வெற்றிலை, பாக்கு, பழம் எடுத்துத் தட்டில் வைத்தார். மாமாவிடம் நீட்டவில்லை. என்னிடம் நீட்டினார்.

"நீங்களே செய்ங்க. ஜேபிக்காரங்ககிட்ட சொல்லிர்றோம். எங்க அக்கா மகளுக்கும் சித்திரையில கல்யாணம் இருக்கு, அவங்களையும் கூட்டிட்டு வர்றேன்."

வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது அம்மா நின்றார். "இதெல்லாம் செஞ்சது அந்தப் பொட்டியா? கண்ணு பட்டுரும்," என்று கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு, பக்கவாட்டு மூடி திறந்திருந்த பெ.வை நோக்கி நடந்தார்.

நான் வாய் திறப்பதற்குள் மாமா குறுக்கே போய் நின்றுவிட்டார்.

"மேல வைங்க தங்கச்சி, தகரத்து மேல. உள்ள வேணாம். உள்ள நான் வெச்சுட்டேன்."


அக்டோபர் 6, திங்கள்

விடியற்காலையிலேயே மழை. சாரல் வாசல் வரை.

மோகன் பிளாஸ்டிக் பையைத் தேடிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து மழைக்கோட்டை எடுத்து, தூசி தட்டிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டார். கை கொஞ்சம் குட்டை.

"சாயங்காலம் காய வெச்சு அங்கயே மாட்டிர்றேன்," என்றார்.

"அங்க வேணாம். உங்க பைக்லயே வெச்சுக்குங்க."